ஏழாவது மாடியில் ஊற்றிய பால்

ஒச்சாயி பிழைக்கமாட்டாள் என்று காளைக்கு ஆஸ்பத்திரியில் தோன்றவில்லை. அந்த ஏழாவது மாடி வீட்டின் கட்டிலைப் பார்த்தபோதுதான் தோன்றியது. நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம், அத்தனை அகலம். அதன்மேல் ஒரு சுருக்கம் இல்லாமல் வெள்ளை விரிப்பு. தலையணைக்கு வெள்ளை உறை. காலடியில் மடித்து வைத்திருந்த போர்வையும் வெள்ளை. மேசையில் கண்ணாடிக் குடுவைக்குள் வெள்ளைப் பூ, பக்கத்தில் பளபளவென்று தாள் சுற்றிய பழக்கூடை. களை வெட்டி, சாணி அள்ளி, கல்யாணமான நாளிலிருந்து கோரைப்பாயில் படுத்தவளுக்கு இதையெல்லாம் எவன் சும்மா செய்வான்? சாகப்போகிறவளுக்குத்தான் செய்வான்.

எல்லாம் மகன் செல்வக்குமார் ஏற்பாடு. அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். தாய்க்கு வயிற்றில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது, கெட்ட கட்டி இல்லையென்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது, புண் ஆறும்வரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அங்கிருந்தே போனில் தட்டி இந்த வீட்டைப் பிடித்துவிட்டான். கோரிப்பாளையம் முக்கிலிருந்து கூப்பிடு தூரம். சன்னல் வழியாகப் பார்த்தால் தர்கா கும்மட்டமும் வைகைப் பாலமும் தெரியும். பாலத்தில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊரும். சத்தம் மட்டும் துளியும் மேலே வராது. அந்தச் சத்தமில்லாத தன்மையே காளைக்குப் பிடிக்கவில்லை.

"லாட்ஜாடா இது?" என்று மகனிடம் போனில் கேட்டார்.

"லாட்ஜ் இல்லப்பா. சர்வீஸ் அபார்ட்மெண்ட். வீடு மாதிரிதான். சமைச்சுக்கலாம், துணி துவைச்சுக்கலாம், அவுங்களே வந்து கூட்டித் தொடச்சிருவாங்க."

"வீடுன்னா சாவி எங்க? ரேஷன் கார்டு கணக்கா ஒரு அட்டையக் குடுக்குறான்."

"அதுதான்ப்பா சாவி."

"நம்ம வீட்டுக்கே போயிருவோமேடா."

"செக்கானூரணி தாண்டுனா ரோடு தூக்கித் தூக்கிப் போடும். தையல் விட்டுப்போகும். பேசாம இருங்க. ஞாயித்துக்கிழம நானே வாரேன், லீவு சொல்லிட்டேன்."

காளை போனை மடியில் செருகிக்கொண்டார். சொந்தச் சித்தப்பன் செத்ததற்கு லீவு கிடைக்காதவன், தங்கச்சி மகள் காதுகுத்துக்கு லீவு கிடைக்காதவன், இப்போது கேட்காமலே வருகிறானாம்.

இது போதாதென்று டாக்டர் வேறு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது, "இனிமே பத்தியம் ஒண்ணும் இல்ல பெரியவரே, என்ன கேக்குறாங்களோ குடுங்க" என்று தோளைத் தட்டினார். காளையின் அப்பனுக்கும் ஒரு டாக்டர் இதையேதான் சொன்னார். தோளைத்தான் தட்டினார். அந்த வாரமே கொள்ளி வைக்க வேண்டியதாயிற்று. கெட்ட கட்டி இல்லையென்றால் எதற்கு அறுத்தான், நல்லாகிவிட்டதென்றால் எதற்கு ஊருக்கு விடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான் என்று காளை யோசித்து யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

ஒச்சாயியிடம் இதை மூச்சுவிடவில்லை. "என்ன வேணும் சொல்லு, வாங்கியாரேன்" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு என்ன வேணும். ஒரு வாய் வெத்தலை கெடச்சாப் போதும்."

கீழே இறங்கிப்போய்க் கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து ஒரு கவுளி, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் வாங்கி வந்து மடியிலிருந்து எடுத்து வைத்தார். அவள் வெற்றிலையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன இம்புட்டுத் தாராளம்? வயித்து வலி வந்ததுலருந்து, வெத்தலையத் தொட்டா கைய வெட்டுவேன்னு நின்னீக."

"திங்கச் சொன்னா தின்னு. ஆயிரம் கேள்வி."

மென்றாள். துப்புவதற்கு அந்த வீட்டில் இடமில்லை. கழுவுகிற தொட்டிகூடப் பீங்கானில் பால் மாதிரி இருந்தது. காளை குடுவையிலிருந்த பூவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு அதை நீட்டினார். "இதுல துப்பு. காசு குடுக்குறோம்ல." ஒச்சாயி சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்குமென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அவர் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

காலையும் சாயங்காலமும் கட்டு மாற்ற ஆன்மேரி என்ற நர்சு வந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, எப்போதும் சிரித்த முகம். புண்ணைப் பார்த்துவிட்டு, "சூப்பரா ஆறுது பாட்டி" என்றாள்.

"ஆறுதுன்னா எதுக்குத்தா ரெண்டு நேரமும் வார?" என்றார் காளை.

"கட்டு மாத்தணும்ல தாத்தா."

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அவள் அதற்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஊசி போடுகிறவளை எப்படி நம்புவது. அவள் போனபிறகு, "பாத்தியா, பதில் சொல்லாமயே போறா" என்றார் காளை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ரேஷன் கடைக்காரன் எடையில் பொய் சொல்கிறான், வாத்தியான் மார்க்கில் பொய் சொல்கிறான், டாக்டர் எல்லாவற்றிலும் பொய் சொல்கிறான் என்று சொல்லிச் சொல்லியே குடித்தனம் நடத்தினார். ஒச்சாயி உம் கொட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே வந்த மறுநாள் ஒச்சாயி, குளிர் தாங்கவில்லை என்றாள். ஏசி மேல்கூரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு ரிமோட் இருந்தது. தொட வேண்டாம், எதுவென்றாலும் போன் போட்டுச் சொல்லுங்கள் என்று கீழே டை கட்டி உட்கார்ந்திருந்த ஆள் சொல்லியிருந்தான். போன் போட்டால் அதற்கும் ஒரு தொகை போடுவான் என்பது காளையின் கணக்கு. ரிமோட்டை எடுத்துப் பார்த்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். இருபத்துநாலு என்றிருந்தது. குளிரைக் குறைக்க வேண்டும், ஆகவே குறைத்தார். கீழ்நோக்கிய பொத்தானை அமுக்க அமுக்க இருபது ஆனது, பதினெட்டு ஆனது, பதினாறுக்குக் கீழே போகமாட்டேன் என்று நின்றுகொண்டது. போதும் என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒச்சாயி அசந்து தூங்கினாள். காளை நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கே பல் கிட்டியது. கலங்கிக் கிடக்கிற மனசு உடம்பையும் நடுக்கும்போல என்று நினைத்தார். எதற்கும் பார்ப்போம் என்று போர்வையை விலக்கி அவள் பாதத்தைத் தொட்டார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. கணுக்காலைத் தொட்டார், முழங்காலைத் தொட்டார். எல்லாம் சில்லிட்டிருந்தது. விரல் நகம் நீலம் பாய்ந்திருந்தது. கூப்பிட்டால் ம் என்றாள், கண் திறக்கவில்லை.

காளை ஒன்றிரண்டு பேருக்கா பால் ஊற்றியிருக்கிறார். உயிர் எப்படிப் போகுமென்று அவருக்குத் தெரியும். உள்ளங்காலில் குளிர ஆரம்பித்து மேலே ஏறும். நெஞ்சைத் தொடுவதற்குள் பிறந்த வீட்டுப் பால் வாயில் விழ வேண்டும். விழாமல் போனால் அந்தக் குறை குடும்பத்தை விடாது. அவர் ஒச்சாயியின் தம்பி கருத்தக்கண்ணனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, அக்காளுக்கு ஆகலடா. கால் குளுந்துபோச்சு. பாலெடுத்துட்டு வந்துருங்க."

கருத்தக்கண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. வெங்காயம் ஏற்றுகிற வேனில் ஊரில் கிடைத்த ஆட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கீழே டை கட்டிய ஆள் வழியை மறித்தான்.

"விசிட்டர்ஸ் ரெண்டு பேருக்கு மேல அலவுடு இல்லைங்க."

"சாவு வீட்டுக்கு ரெண்டு பேருதான் வரணும்னு எந்த ஊர்லப்பா சட்டம்?" என்றான் கருத்தக்கண்ணன்.

சாவு என்ற சொல்லைக் கேட்டதும் அந்த ஆளின் முகம் வெளுத்துவிட்டது. "யாருக்கு? எங்க? இங்கயா?" என்று அவன் போனைத் தேடுவதற்குள் இவர்கள் படியேறிவிட்டார்கள். லிஃப்டில் ஏறத் தைரியமில்லை. கருத்தக்கண்ணன் மனைவி ராமக்காள், செம்பில் இருந்த பால் சிந்திவிடக் கூடாதென்று முந்தானையால் மூடி ஏழு மாடியும் ஏறி வந்தாள்.

பால் ஊற்றுகிற சங்கைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அங்கே அடுப்படி இழுப்பறையில் இருந்த கரண்டி ஒன்றைக் காளை எடுத்துக் கொடுத்தார். முதலில் தம்பி ஊற்றினான். அடுத்து ராமக்காள். அடுத்துப் பங்காளிகள், கொழுந்தன்மார். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மெத்து மெத்தென்ற தரைவிரிப்பில் வரிசையாக நின்று, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கரண்டி போய்க்கொண்டிருந்தது. ராமக்காள் மட்டும் தாங்கமாட்டாமல், "எங்களை விட்டுட்டுப் போறீகளே மதினி" என்று மெல்லிய குரலில் இழுக்க ஆரம்பித்தாள்.

அந்தக் குரலில் ஒச்சாயி கண் திறந்தாள்.

வாயில் இருந்த பாலை விழுங்கினாள். தம்பியைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், அடுத்துக் கரண்டியோடு நின்றவனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் நின்ற எல்லாரையும் பார்த்தாள். கடைசியில் காளையைப் பார்த்தாள். அடுத்தவன் கரண்டியை நீட்டியபோது வாயைத் திறந்து அதையும் வாங்கிக்கொண்டாள். மீதி இருந்த எல்லார் கையாலும் வாங்கிக்கொண்டாள். மூன்று பேருக்குப் பால் போதவில்லை. செம்பைக் கவிழ்த்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஆன்மேரி கட்டு மாற்ற வந்தாள். வாசலிலேயே தோளைக் குறுக்கினாள்.

"யாரு பதினாறுல வச்சது? ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு." ரிமோட்டை எடுத்து அணைத்தாள். ஒச்சாயியின் நாடியைப் பிடித்தாள், கையில் கருவியைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள், காலைத் தேய்த்துவிட்டாள். "பாட்டிக்கு ஒண்ணுமே இல்ல. குளிர்ல வெறச்சுக் கெடக்காங்க. என்ன தாத்தா இது?"

ராமக்காள் செம்பை முந்தானைக்குள் மறைத்தாள். கருத்தக்கண்ணன்தான் வாயைத் திறந்தான்.

"நல்லா இருக்குய்யா மச்சான். குத்துக்கல்லாட்டம் இருக்கவளுக்குக் கூட்டிவந்து பால் ஊத்த வச்சிட்டீரு. அடுத்து நீரு தும்மினா நாங்க பாடைக்கு மூங்கி வெட்டணும், அப்படித்தான?"

பங்காளிகளில் ஒருவன் சிரித்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ராமக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். நூறு வயசு இருப்பீக மதினி என்று கன்னத்தை வழித்துவிட்டு, காலிச் செம்போடு இறங்கிப் போனார்கள். ஒச்சாயி சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. காலையிலும் இல்லை. இட்லியைப் பிட்டு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாத்திரையை வாயில் வாங்கிச் சேலை நுனியில் துப்பினாள். ஆன்மேரி கெஞ்சினாள், மிரட்டினாள். செல்வக்குமார் போனில் தன் முகத்தைக் காட்டி, "அம்மா, நீ நல்லாத்தாம்மா இருக்க, ரிப்போர்ட் என் கையில இருக்கு" என்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அவள் போனை மார்மேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"ஏ புள்ள, அது ஏசிக் குளிரு. நான்தான் தப்பா அமுக்கிட்டேன்" என்றார் காளை.

"சரி."

"சரின்னா சாப்பிடு."

"ஊர் சனமே ஏழு மாடி ஏறிவந்து ஊத்திட்டுப் போயிருக்கு. என் தம்பி கையால வாங்கிட்டேன். இனிமே என்ன சாப்பாடு." குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல நீங்க. வெத்தலையோட வந்து நின்னப்பவே எனக்குத் தட்டுச்சு."

"நர்சம்மா சொல்றால்ல, ஒண்ணுமில்லைன்னு. டாக்டரும் சொல்றாரு."

"டாக்டரு எல்லாத்துலயும் பொய் சொல்லுவான்னு நீங்கதான சொல்வீக."

காளை இட்லித் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

சனிக்கிழமை ஆன்மேரி அவரை வாசலுக்குக் கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாத அந்த முகத்தைத்தான் காளை முதல்முதலாக நம்பினார். "நாளைக்கும் சாப்பிடலேன்னா அட்மிட் பண்ணித்தான் ஆகணும் தாத்தா. புண்ணு ஆறுறது நின்னுபோச்சு. ஒடம்புல தெம்பே இல்ல. இப்படியே விட்டா நெசமாவே..."

அவர் உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். தீயில்லாத அந்தக் கரண்ட் அடுப்பில் ஆன்மேரி காய்ச்சிக் கொடுத்த கஞ்சி கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே தர்காவில் விளக்குகள் போட்டிருந்தார்கள்.

"வெத்தலை இருக்கா?" என்றாள் ஒச்சாயி, சன்னலைப் பார்த்தபடி.

மூன்று நாளாக அவள் தானாக வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அது. காளையின் கை தன்னால் மடிக்குப் போனது. வாடிப்போனாலும் பாதிக் கவுளி அங்கேதான் இருந்தது. எடுக்கப் போனவர் கையை நிறுத்திக்கொண்டார். வாயைத் துண்டால் துடைத்தார்.

"கெடையாது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வெத்தலையத் தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. இன்னும் ஆறு மாசத்துக்கு ஆகாதாம். தொட்டா கைய வெட்டுவேன்."

"ஆறு மாசமா?"

"ஆறு மாசம்."

ஒச்சாயி அவர் முகத்தை ஓர் இடம் விடாமல் பார்த்தாள். மாடு பிடிக்க வந்த தரகனை அவள் இப்படித்தான் பார்ப்பாள். காளை கண்ணைத் தாழ்த்தாமல் இருந்தார். கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி கஞ்சியை நீட்டினார். அவள் உதடு பிரிந்தது. கரண்டி கிட்டே வந்ததும் அதைப் பார்த்தாள், உதட்டை மூடிக்கொண்டாள்.

"இது அந்தக் கரண்டி."

அதுதான். கழுவி வைத்திருந்தார்கள். காளை அதைத் தரையில் போட்டார். கஞ்சியைக் கையிலேயே அள்ளினார். விரலிடுக்கில் வழிந்து வெள்ளை விரிப்பெல்லாம் சொட்டியது. உள்ளங்கையில் தங்கிய கொஞ்சத்தை அவள் வாயோடு சேர்த்துப் பிடித்தார்.

வாங்கிக்கொண்டாள். ஆனால் விழுங்கவில்லை, கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். காளை ஈரக் கையை நீட்டியபடியே குனிந்து, அவள் தொண்டை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.