ரெபேக்காளுக்கு வீடு உண்டு

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பத்தாண்டுத் திட்டம்: 2035க்குள் தெருவில் தூங்குகிறவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது. முதல் வேலை கணக்கெடுப்பு. பட்டியலில் பெயர் ஏறினால் விடுதியில் ஒரு கட்டில், பிறகு ஓர் அறை. ஏறாவிட்டால் அடுத்த பட்டியல் மூன்று வருடம் கழித்துத்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடற்காற்று அவள் நரைத்த கூந்தலை வருட, அவள் கண்களில்..."

(அடித்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் கடற்காற்று ஏது? மூத்திர வாடைதான்.)

2

ரெபேக்காளுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தார். முட்டி போனதும் வேலையும் போனது. புதுப்பட்டினத்தில் இருந்த வீட்டைச் சாலை அகலப்படுத்தும்போது இடித்துவிட்டார்கள். நான்கு வருடமாகப் பேருந்து நிலையத்தின் பின்சுவரோரம் படுக்கிறார்.*

* முதல் பிரதியில் 'படுக்கிறாள்' என்றுதான் எழுதியிருந்தேன். கட்டில் வாங்கித் தர வக்கில்லாதவன் மரியாதையாவது தரலாம் என்று மாற்றினேன்.

கணக்கெடுக்கும் கிருபாகரன் பகல் பதினோரு மணிக்கு வந்தான்.

"வீடு எங்கம்மா?"

"புதுப்பட்டினம் சார். சர்ச் தெரு, ஏழாம் நம்பரு."

பக்கத்தில் பாய், குடம், துணிமூட்டை எல்லாம் இருந்தன. பார்த்தான். இன்னும் நாற்பது பேர் பாக்கி இருந்தார்கள். 'வீடு உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு நகர்ந்தான்.

3

[கிருபாகரனை வில்லனாக்கலாமா? வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அப்படி ஒருவன் கிடையாது. அந்தப் படிவத்தை நிரப்பியவன் நான்.]

பட்டியலை ஒட்டிய அன்று ரெபேக்காள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், என் பேரையே காணோம்?"

"வீடு இருக்குன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"கார்டுல கீறதத்தான சார் சொல்லணும்? ரோட்டுல கீறேன்னு சொன்னா கார்ட புடுங்கிக்குவாங்க. அப்பறம் அரிசிக்கு இன்னா பண்றது?"

அரசாங்க ஆள் கேட்டால் ரேஷன் கார்டில் உள்ள விலாசத்தைத்தான் சொல்ல வேண்டும். நான்கு வருடமாக அவர் சோற்றைக் காப்பாற்றிய பதில் அது. இது எனக்குத் தெரியாததா? வாடகை வீடு மாறி மாறி அலைந்த என் அம்மாவும் எங்கே கேட்டாலும் பழைய விலாசத்தைத்தான் ஒப்பித்தாள். அந்தப் பாயைப் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

4

திருத்த வழி இருந்தது. 'சரியாக விசாரிக்காமல் நிரப்பிவிட்டேன்' என்று நான் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

"எழுதுப்பா, நான் தடுக்கல" என்றார் மேற்பார்வையாளர் திருநாவுக்கரசு. "ஆனா அடுத்த சர்வேக்கு உன்ன எடுக்க மாட்டாங்க. பாத்துக்கோ."

ரெபேக்காளிடம் போய் இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன்.

"உன் வேல போயிடுமா? அப்ப வுடு நைனா. நான் எப்டியோ இருந்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. நான் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

5

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) நல்ல அதிகாரி ஒருவர் வந்து ரெபேக்காளைக் கைத்தாங்கலாக விடுதிக்கு அழைத்துப் போ... (முடிக்கக்கூட மனம் வரவில்லை.)

ஆ) மார்கழிக் குளிரில் ஒரு நாள் செத்துப்போகிறார். (இதை எழுதி முடித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.)

உண்மையில் அவர் உயிரோடு அதே சுவரோரம் இருக்கிறார். நான்தான் பேருந்து நிலையத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கிறேன். இன்னும் மூன்று வருடம் அந்த முட்டி தாங்குமா, தெரியவில்லை. எனக்கு முடிவு எழுத வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதினால் அடியில் கையெழுத்துப் போடுங்கள். இந்தக் கதைக்குக்கூட நான் என் பெயரைப் போடவில்லை.