பேச்சாயி கடை மாடியில் ஒரு ஏரியல்

"உங்க பொண்ணு ஷிப்டுல இருக்கு. ஞாயித்துக்கெழம வாங்க" என்று மில் வாட்ச்மேன் சடையாண்டி மூன்றாவது தடவையும் சொன்னபோது ரோசலினுக்கு உள்ளங்காலில் இருந்து உச்சந்தலை வரை எரிந்தது. கையில் மகள் நான்சிக்கு வந்த நர்சிங் கல்லூரிக் கடிதம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நான்சி நேரில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். அன்றைக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தை வைத்து அடுப்புப் பற்ற வைப்பதா?

"அண்ணே, நேத்தே வார்டனுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தேனே. பிள்ளைகிட்ட சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்களாம். அதுக்குப் படிக்க இஷ்டம் இல்லையாம்."

அண்டப்புளுகு. போன வருஷம் இடம் கிடைக்காமல் மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்த பிள்ளை அது. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று வேடசந்தூர்ப் பக்கத்து இந்த நூல் மில்லுக்கு வந்தாள். ஹாஸ்டலில் கால் வைத்த அன்றே போனைப் பிடுங்கி ஆபீஸில் பூட்டிவிட்டார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு பஸ் ஏறியிருப்பாள். ரோசலினும் தூற்றினாள், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அவள் திண்டுக்கல் நாகல்நகரில் இருபது வருஷமாக டிவி ரிப்பேர் கடை நடத்துகிறவள். பஸ்ஸில் உட்கார்ந்து பொருமிக்கொண்டு வரும்போதே அவளுக்கு அந்த ரேடியோ ஞாபகம் வந்தது.

போன தீபாவளிக்கு மில்காரர்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கையடக்க ரேடியோ கொடுத்திருந்தார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டு ரேடியோ கொடுக்கிற பெருந்தன்மையை எங்கே போய்ச் சொல்வது! ரேடியோவில் கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது. அதுதானே அவர்களுக்கு வேண்டியது. முதல் ஷிப்டு முடிந்து வந்ததும் மூன்று மணிப் பாட்டை ஹாஸ்டலே இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் என்று கிறிஸ்மஸ் லீவில் நான்சி சொல்லியிருந்தாள்.

ரோசலின் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடை முகமது ரஃபீக்கிடம் போய், தீப்பெட்டி அளவில் ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரும் மைக்கும் வாங்கினாள்.

"அக்கா, லைசென்ஸ் இல்லாம இதுல பேசுனா உள்ள தூக்கி வச்சிருவாங்க."

"வைக்கட்டும். அந்த வார்டன் மட்டும் பொய் சொல்ல லைசென்ஸ் வாங்கியா வச்சிருக்கா?"

ரஃபீக் இரண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

டிரான்ஸ்மிட்டரோடு வந்த ஒரு சாண் ஒயரை நம்பினால் சத்தம் ரோட்டைக்கூடத் தாண்டாது. ஏரியல் நாமே செய்ய வேண்டும். கடை மாடியில் கிடந்த பழைய டிவி ஏரியலைப் பிரித்து அலுமினியக் குழாய் இரண்டை எழுபத்தெட்டு சென்டிமீட்டருக்கு அறுத்தாள். இரண்டையும் நேர்கோட்டில், நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு மரத்துண்டில் முடுக்கினாள். டிவி கேபிளின் உள்கம்பியை ஒரு குழாயிலும் மேல்வலையை இன்னொன்றிலும் இணைத்தாள். ஈயம் பற்றவைக்கும்போதெல்லாம் வார்டனைத் திட்டினாள். திட்டினாலும் கை ஆடவில்லை.

வியாழக்கிழமை ஒரு மணிக்கு ஹாஸ்டலுக்கு எதிரே இருக்கும் பேச்சாயியின் டீக்கடை மாடியில் அதை ஏற்றினாள். பேச்சாயிக்கும் அந்த வார்டனைக் கண்டால் ஆகாது.

"எம்புட்டு நேரம் வேணாலும் வச்சுக்க. எவனாச்சும் கேட்டா கொடிக்கம்பின்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

பிள்ளைகள் கேட்கிற ஸ்டேஷனின் அதே இடத்தில் டிரான்ஸ்மிட்டரைத் திருப்பி வைத்தாள். பக்கத்தில் இருப்பவன் சத்தம் தூரத்தில் இருப்பவன் சத்தத்தை அமுக்கிவிடும் என்பது அவள் கணக்கு. பேச்சாயியை மைக் முன்னால் உட்கார்த்திவிட்டு, தான் கொண்டுவந்த சின்ன ரேடியோவின் இயர்போனைக் காதில் மாட்டி மதில் ஓரமாக நடந்தாள். கேட் பக்கம் "அலோ, அலோ, வடை சூடா இருக்கு" என்று பேச்சாயி குரல் கணீரென்று கேட்டது. ஹாஸ்டல் பக்கம் போகப் போக பேச்சாயி கரைந்து, சினிமாப் பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

ரோசலினுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மதிலை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். அப்போதுதான் காதிலிருந்து ரேடியோவுக்கு நேர்கீழே தொங்கிய ஒயரைப் பார்த்தாள். அந்த ஒயர்தான் இந்த ரேடியோவுக்கு ஏரியல். அது நட்டுக்குத்தாக நிற்கிறது. மாடியில் இவள் வைத்திருப்பதோ படுக்கையில் கிடக்கிறது. இருபது வருஷமாக டிவி ஏரியலைப் படுக்கை வாட்டத்தில் முடுக்கிய கை, யோசிக்காமல் இதையும் படுக்கப் போட்டுவிட்டது.

"அடி மடச்சி!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். ஒரு பிளாஸ்டிக் பைப்பில் குழாய்களை நட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டினாள். மறுபடி மதிலோரம் போனபோது ஹாஸ்டல் கடைசி ஜன்னல் வரைக்கும் வடை சூடாகவே இருந்தது.

மூன்று மணி. பாட்டு ஆரம்பித்துப் பல்லவி முடிவதற்குள் சுவிட்சைப் போட்டாள்.

"நான்சி, அம்மா பேசுறேன். நர்சிங் சீட்டு கெடச்சிருச்சு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போயாகணும். உனக்குப் படிக்க இஷ்டம் இல்லைன்னு எங்கிட்டச் சொல்றாக. நான் நம்பல. உனக்குப் பத்தொம்பது வயசு, உன்னைய அடைச்சு வைக்க எவளுக்கும் உரிமை இல்ல. பையைத் தூக்கிட்டு கேட்டுக்கு வா. நான் எதுத்தாப்புல நிக்கிறேன்."

அதையே நாலு தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் ஏறியது. ஹாஸ்டல் ஜன்னல்களில் ஒன்று, இரண்டு, பத்து என்று முகங்கள் முளைத்தன.

அவள் இறங்கி ரோட்டைத் தாண்டுவதற்குள் நான்சி பையோடு கேட்டுக்கு உள்பக்கம் நின்றாள். "வார்டன் எழுதித் தரணும்" என்று சடையாண்டி சாவியை இறுக்கிப் பிடித்தார். நான்சிக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் வந்து நின்றார்கள். எல்லார் காதிலும் ஒயர் இருந்தது. சடையாண்டி அவர்களைப் பார்த்தார், பிறகு பூட்டைத் திறந்தார்.

வெளியே வந்ததும் நான்சி அம்மாவின் கையை வெடுக்கென்று பிடித்தாள். "நீ வரவே இல்லைன்னாங்கம்மா. சீட்டு கெடைக்கல, அங்கேயே இருக்கச் சொல்லுன்னு நீ சொல்லிவிட்டதாச் சொன்னாங்க."

"மூணு தடவ வந்தேன்டி!"

நான்சி பையிலிருந்து நோட்டுத்தாள் ஒன்றை எடுத்தாள். இரண்டு பக்கமும் ஹாஸ்டல் பிள்ளைகளின் பெயர்களும் வீட்டுப் போன் நம்பர்களும் நெருக்கியடித்து எழுதியிருந்தன. "அப்ப இவுக வீட்லயும் வந்திருப்பாகல்லம்மா? இவுககிட்டயும் அதையேதான் சொன்னாக."

முதல் பெயர் மாயம்மாள், செம்பட்டி. ரோசலின் அங்கேயே நின்று நம்பரை அழுத்தினாள். எடுத்தவர் மாயம்மாளின் அப்பா பொம்மையன். ரோசலின் விஷயத்தைச் சொன்னாள்.

"நாலு வாட்டி வந்தேன் தாயி. அப்பன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு பிள்ளை சொல்லுதுன்னு திருப்பி அனுப்பிட்டாக. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு அதுகிட்டக் கேட்டுச் சொல்றியா?"

ரோசலின் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ரோட்டைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினாள். டிரான்ஸ்மிட்டர் சுவிட்சைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து மைக்குக்கு நேரே பிடித்தாள்.

"நீங்களே கேளுங்கண்ணே. மாயம்மாளுக்குக் கேக்கும்."