முன்குற்றம் ஏதுமில்லை

அப்சர் அரிவாளோடு வீட்டுக்குள் நுழைந்தபோது ஜாஃபர் சாதிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாபநாசத்தில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை அவனுடையது; கடைக்குப் பின்னாலேயே வீடு. குழம்பு ஊற்றக் குனிந்திருந்த தங்கை ஹஃப்ஸா நிமிர்ந்தாள். எதிரே அவள் புருஷன்.

முதல் வெட்டு ஜாஃபரின் கழுத்தில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்கத் தூக்கிய கை மணிக்கட்டில் அறுந்து தொங்கியது. சத்தம் கேட்டுக் கடையிலிருந்து ஓடிவந்த அத்தா ஹபீப் முகம்மது, மருமகனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்.

"வேணாம் மாப்ளே, வேணாம்!"

அப்சர் உதறித் திரும்பி அவர் முகத்திலேயே வெட்டினான். விழுந்தவரின் நெஞ்சில் காலை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடியும் மறுபடியும் வெட்டினான். ஹஃப்ஸா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அரிவாள் அவள் தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. அதை உருவுவதற்காக அவளை எட்டி உதைத்தான்.

அவர்களுடைய மகள் தஹ்மீனா குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அப்சர் அந்தக் கதவைத் தட்டினான். குரலை மெதுவாக்கி, "தஹ்மீனா, அத்தா வந்திருக்கேன்டா. கதவைத் தொறம்மா" என்றான். பிள்ளை திறக்கவில்லை. கதவை அவன் வெட்டத் தொடங்கியபோது பக்கத்து உரக்கடை ஆட்கள் கடப்பாரையோடு வந்து அவனை அடித்துச் சாய்த்தார்கள். தரையில் கிடந்த ஹஃப்ஸா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை ஒரத்தநாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்சர் நெல் அறுவடை மெஷின் ஓட்டுபவன். கல்யாணமான முதல் வருஷமே அடிக்க ஆரம்பித்தான். விலா எலும்பு முறிந்தது, தொடையில் கரண்டியைக் காய்ச்சி வைத்தான், வயிற்றில் இருந்த இரண்டாவது பிள்ளை உதையில் கலைந்தது. ஒரு நாள் தஹ்மீனாவின் தலையைச் சுவரில் மோதினான். அன்று ஜாஃபர் வேன் வைத்துக்கொண்டு போய் இருவரையும் கூட்டி வந்துவிட்டான். "இனிமே அவ அங்க வரமாட்டா" என்று அப்சரின் முகத்துக்கு நேரே சொன்னான். அதற்காகத்தான் அந்த அரிவாள்.

கேஸ் தஞ்சாவூர் கோர்ட்டில் நடந்தது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை என்ன என்பதற்கு ஜட்ஜ் வேறொரு நாள் குறித்தார். அன்று காலை பஸ்ஸில் அம்மா மெஹராஜ் பேகம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கொலை நடந்த அன்று அவள் கும்பகோணத்தில் கண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்தவளுக்குப் புருஷனின் முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை.

"ஜட்ஜு கேட்டா தூக்குன்னு சொல்லு. வேற எதுவும் பேசாதே" என்றாள்.

அரசு வக்கீல் தூக்குதான் கேட்டார். அடுத்து அப்சரின் வக்கீல் எழுந்தார். ஜெயிலில் ஒழுங்காக இருக்கிறான், தையல் கற்றுக்கொண்டான் என்று ஜெயில் அறிக்கையிலிருந்து படித்தார்.

"முன்குற்றம் எதுவும் இல்லாதவர், கனம் நீதிபதி அவர்களே. ஒரே மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்தப் பிஞ்சுக் குழந்தையிடமிருந்து தகப்பனைப் பறித்துவிட வேண்டாம்."

ஹஃப்ஸா எழுந்துவிட்டாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பெண் அவளை உட்காரச் சொன்னாள். ஜட்ஜ் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க சொல்லணுமா? சொல்லுங்கம்மா."

"ஐயா, இவரு முன்னாடி குத்தம் பண்ணலன்னு சொல்றாங்க. விலா எலும்பு ஒடஞ்சு நான் மகளிர் ஸ்டேஷனுக்குப் போனேன். பேசித் தீத்துக்குங்க, குடும்பம்னா இப்படித்தான்னு அனுப்பிட்டாங்க. அன்னிக்கு எழுதியிருந்தா இன்னிக்கு முன்குத்தம் இருந்திருக்கும். எங்க அண்ணன் இருந்திருக்கும், அத்தா இருந்திருப்பாங்க."

அப்சர் கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தான்.

"ரத்தம் சொட்டச் சொட்ட அந்த அரிவாளோடதான் என் பிள்ளையைக் கூப்பிட்டாரு. பாசமாத்தான் கூப்பிட்டாரு. அவ தொறந்திருந்தா இப்ப இவரு வக்கீலுக்குச் சொல்றதுக்குப் பிள்ளையே இருந்திருக்காது. என்ன தண்டனை வேணா குடுங்க, அது உங்க இஷ்டம். என் பிள்ளை பேரைச் சொல்லிக் கொறைக்காதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தூக்கு என்று அவள் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஜட்ஜ் தண்டனையை வாசித்தார். இரண்டு கொலைகளுக்கும் ஆயுள் தண்டனை. ஹஃப்ஸாவைக் கொல்ல முயன்றதற்குப் பத்து வருஷம். தூக்கு கொடுக்கும் அளவுக்குத் திருந்த வழியே இல்லாதவன் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றார். ஆனால் குழந்தையைக் காரணமாக ஏற்க முடியாது என்பதையும், அதன் தாய் சொன்னதையும் தீர்ப்பில் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

வராந்தாவில் அப்சரை வேனுக்கு நடத்திப் போனார்கள். ஹஃப்ஸாவைக் கண்டதும் நின்றான்.

"பிள்ளையை ஒரு தடவை கூட்டிட்டு வா. பாத்துட்டுப் போறேன்."

"கூட்டிட்டு வரமாட்டேன்."

விலங்கு போட்ட இரண்டு கைகளையும் சேர்த்து ஓங்கி அவள் வாயில் அடித்தான். இரும்பு பட்டு உதடு பிளந்தது. சுவரில் மோதி விழுந்தவளை மிதிக்கக் காலைத் தூக்கினான். போலீஸ்காரர்கள் அவன் முடியைப் பிடித்துக் கவிழ்த்து, முதுகில் முட்டியை வைத்து அழுத்தினார்கள். "அவளையும் அன்னிக்கே முடிச்சிருக்கணும்டா!" என்று தரையில் முகம் தேய அவன் கத்தினான். அவன் வக்கீல் ஃபைலை இடுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

அம்மா மகளைத் தூக்கி நிறுத்தினாள். முந்தானையால் ரத்தத்தை ஒற்றினாள். பிறகுதான் கேட்டாள்.

"இவனுக்கா உசிரை விட்டு வெச்சே?"

"நான் எங்கம்மா விட்டு வெச்சேன்?"

"வாய்ல தூக்குன்னு வரலையேடி உனக்கு. ஒரு வார்த்தை."

"வரலைம்மா. கேக்கணும்னுதான் வந்தேன். அண்ணன் கழுத்து கண்ணு முன்னால வந்துடுச்சு. இன்னொரு கழுத்தைப் பத்திப் பேச வாய் வரல."

ஆஸ்பத்திரியில் உதட்டைத் தைத்த பிறகு, திரும்பும் பஸ்ஸில் அம்மா வேறு சீட்டில் உட்கார்ந்தாள். பாபநாசம் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் மகளுக்காகக் காத்திருக்காமல் முன்னால் நடந்துவிட்டாள். அதன் பிறகு அவள் ஹஃப்ஸாவோடு வெகுநாள் பேசவில்லை.

அன்று சாயங்காலம் தஹ்மீனா பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். தையல் போட்டு வீங்கியிருந்தது.

"என்னம்மா இது?"

எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்றுதான் ஹஃப்ஸாவுக்கு முதலில் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"உங்க அத்தா அடிச்சுட்டாங்க. கோர்ட்டுல, எல்லார் முன்னாடியும். அவங்களை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பிள்ளை பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"வலிக்குதா?"

"ம். ரொம்ப வலிக்குது."