காலை எடுத்தால் நீளும் ஓசை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடியின் லென்ஸ் கீறிப்போய், மாற்றக் கொடுத்திருந்தேன். புது லென்ஸின் விளிம்பை மெஷினில் தேய்த்துக்கொண்டே கடைக்காரர் தன் மனைவியின் கீபோர்டைப் பற்றி நான்கைந்து வாக்கியங்கள் சொன்னார். சொல்லி முடித்து லென்ஸில் படிந்த தூளை ஊதினார். எனக்கு வயிறு எரிந்தது. நான் மேஜைமுன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தாலும் கிடைக்காத ஒன்றை வாழ்க்கை இவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறது. அவரோ அதைத் தூளோடு சேர்த்து ஊதிவிட்டு அடுத்த லென்ஸை எடுக்கிறார்.

ஆக, இது பொறாமையில் பிறந்த கதை. பொறாமையைப் பற்றிய கதையும்கூட. அவருடையது எங்கே முடிந்து என்னுடையது எங்கே தொடங்குகிறது என்பதை எழுதும்போது கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "அந்தக் கீபோர்டு வீட்டுக்குள் நுழைந்த அன்றே ஒரு மூன்றாம் ஆள்..." வேண்டாம். மூன்றாம் ஆள் என்று எழுதியதுமே வாசகர் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டுவார். அவர் புரிந்துகொண்டது தப்பாக இருக்கும்.

இரண்டாவது: "வெளியே மழை..." அடித்துவிட்டேன். அன்று மழை இல்லை.

மூன்றாவது நிற்கட்டும். கண்ணாடிக்காரரின் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள், ஆசிரியர்கள், வாட்ச்மேன் எல்லோருக்கும் அவர் டிரைவர் அக்கா. நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளி விடும்வரை அவருக்கு ஓட்டம் கிடையாது. அந்த நேரத்துக்காக, யாரோ விற்ற பழைய கீபோர்டு ஒன்றை வாங்கினார். ஸ்டாண்டு, அடாப்டர், ஹெட்போன், தரையில் வைத்துக் காலால் அழுத்தும் பெடல். பெடலை அழுத்தினால், விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஓசை நீளும். காலை எடுத்தால் நின்றுவிடும். (இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். இதற்குமேல் உங்களுக்குச் சிரமம் தரமாட்டேன்.)

எல்லாவற்றையும் பொருத்தியவர் கண்ணாடிக்காரர்தான். முன்னறை அவருடைய கடை. உள்ளறையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை விரித்தார். கீபோர்டின் சொந்தப் பொத்தான் ஆனிலேயே இறுகிப்போயிருந்தது. அதனால் சுவர் சுவிட்சைத்தான் போட வேண்டும். அது பீரோவின் மறைவில். அக்காவுக்குக் கை எட்டாது. இடுக்கில் நுழையலாம்தான், ஆனால் அங்கே பல்லி குடியிருக்கிறது என்று நுழையமாட்டார். கண்ணாடிக்காரர் வலது காலை ஸ்டாண்டுக்கு அடியில் விட்டு, உடம்பைச் சாய்த்து, கையை நீட்டினால் விரல்நுனி சுவிட்சில் படும்.

"ஏங்க, ஆன் பண்ணுங்க."

தினமும் இந்தக் குரல் கேட்டதும் மெஷினை நிறுத்துவார். உள்ளே போவார், சாய்வார், போடுவார். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் காதுக்கு வருவதெல்லாம் விசைகள் அமுங்கும் டொக் டொக் மட்டும்.

3

அவருக்கு முதலில் ஹெட்போன்மேல்தான் பொறாமை வந்தது.

"அப்படி என்னதான் வாசிக்கிற?"

"சும்மா தட்டிட்டிருக்கேன்."

"தட்டுறதுதான் கேக்குதே. மத்தது?"

"உங்க மெஷின் போடுற கூச்சல்ல எனக்கே கேக்காது. அதான் மாட்டுறேன். நீங்க அத நிறுத்துங்க, நான் இதக் கழட்டுறேன்."

மெஷினை நிறுத்தினால் பிழைப்பு நின்றுபோகும். லென்ஸைத் தேய்த்துக்கொண்டே கதவிடுக்கு வழியாகப் பார்ப்பார். அக்காவின் தலை மெல்ல ஆடும், சில இடங்களில் கண் மூடும். தனக்குக் கேட்காத ஒன்றுக்குத் தன் மனைவி கண் மூடுவதைத் தினமும் பார்க்கிறவர் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் நிறைய யோசித்துவிட்டேன்.

ஒருநாள் கண்ணாடிக்காரர் சாலைமுனையில் நின்றிருந்தபோது சிக்னலில் அக்காவின் வேன் நின்றது. முன்சீட்டில் பள்ளியின் பாட்டு சார். அவர் விரல்கள் டாஷ்போர்டில் தாளம் தட்டின. ஸ்டியரிங்கின்மேல் அக்காவின் விரல்களும் அதே தாளத்தைத் தட்டின. இருவரும் பேசவில்லை, ஒருவரையொருவர் பார்க்கவுமில்லை. பச்சை விழுந்தது, வேன் போய்விட்டது. அவர்கள் பேசிச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் கண்ணாடிக்காரர். (இது அவர் சொன்னதா, நான் சேர்த்ததா? இப்போது எனக்கே உறுதியில்லை.)

4

பாட்டு சாரை எனக்கு எழுத வரவில்லை.

முதல் பிரதியில் அவருக்கு அலையலையான முடியும் சென்ட் வாசனையும் கொடுத்தேன். படித்துப் பார்த்தால், கண்ணாடிக்காரருக்கு வந்த கோபத்தைவிட எனக்கு வந்திருந்த கோபம் அதிகம். கிழித்தேன். அடுத்ததில் ஓய்வு பெறப்போகிற வயதும் பொய்ப்பல்லும் கொடுத்தேன், பொறாமை அடங்கும் என்று. துளியும் அடங்கவில்லை. அப்போதுதான் புரிந்தது, இதற்கும் முடிக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை. அக்கா யாரையாவது காதலிக்கிறாரா என்ற சந்தேகம் கண்ணாடிக்காரருக்கு வரவே இல்லை. அக்கா கண் மூடும் இடத்துக்குள் அந்த மனிதருக்கு வழி தெரிந்திருக்கிறது. தனக்குத் தெரியாது. இவ்வளவுதான்.

ஆகவே பாட்டு சார் நிஜத்தில் எப்படியோ அப்படியே வரட்டும். ஒல்லியான உடம்பு, எப்போதும் வயிற்றுக் கோளாறு, கையில் வெந்நீர் பிளாஸ்க். அக்காவைவிட மூத்தவர், அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

5

கண்ணாடிக்காரர் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்தார். கீபோர்டின் சொந்த ஓசை மெஷினை மீறாது. தானும் கேட்க வேண்டும், அதுதான் எண்ணம். கூட வாங்கிய கேபிளின் முனை ஹெட்போன் முனைபோலச் சின்னது. கீபோர்டின் முதுகிலிருந்த துளைகளோ பெரியவை. அக்கா சிரித்துவிட்டு, "சார்கிட்ட இருக்கும்" என்றார். வேண்டாம் என்பதற்குள் போனை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டு சார் தோளில் கேபிள் சுருளோடு வந்தார்.

"இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. ஸ்பீக்கர மேல தூக்கி வைங்க சார். தரையில வச்சா முழங்காலுக்குத்தான் கேக்கும்."

"அதுவும் கேட்டுட்டுப் போகட்டும்" என்றார் கண்ணாடிக்காரர்.

பீரோமேல் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று. கேபிள்களைச் செருகியதும் கண்ணாடிக்காரர் சாயத் தயாரானார். அதற்குள் பாட்டு சார் ஒருக்களித்து இடுக்கில் நுழைந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, சட்டையில் ஒட்டிய ஒட்டடையைத் தட்டியபடி வெளியே வந்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடிக்காரர் கீபோர்டின்மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

அக்கா வாசித்தார்.

ஒரே குழப்பம். ஓசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன, எதுவும் அடங்கவில்லை. நீள வேண்டிய இடத்தில் மட்டும் கத்தரித்ததுபோல் நின்றது. அக்கா நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே.

இத்தனை நாள் இதற்கா கண் மூடினாள் என்று நினைத்தார் கண்ணாடிக்காரர். ஒரு நொடி அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. (இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பலமுறை பார்த்தேன். எடுத்தால் கதையே இல்லை.)

பாட்டு சார் கீழே குனிந்து பார்த்தார். "பெடல்மேலயே ஏன்க்கா கால வச்சிருக்கீங்க?"

"அங்கதான வைக்கணும். எடுத்தா நீளும், அமுக்கினா நிக்கும்."

"தலைகீழா சொல்றீங்களே."

"கிளட்ச் மாதிரிதான சார். அமுக்கினா விட்டுடும், எடுத்தாப் பிடிக்கும்."

பாட்டு சார் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். "தினமும் யாரு ஆன் பண்றது?"

"இவருதான்."

"சார், எப்படிப் பண்ணுவீங்கன்னு ஒருதரம் காட்டுங்க."

அணைத்துவிட்டுக் காட்டினார். கால் உள்ளே போனது, உடம்பு சாய்ந்தது, கை நீண்டது. விரல் சுவிட்சைப் போட்டது.

"அப்படியே நில்லுங்க. காலப் பாருங்க."

அவருடைய குதிகால் பெடலின்மேல் அழுத்தமாக இருந்தது.

"ஆன் ஆகுற நேரத்துல பெடல் எப்படி இருக்கோ, அதுதான் சும்மா இருக்கிற நிலைன்னு இது நெனச்சுக்கும். நீங்க மிதிச்சுட்டே போடுறீங்க. அப்புறம் அணைக்கிற வரைக்கும் எல்லாம் தலைகீழ்தான்."

"தினமுமா மிதிச்சீங்க?" என்றார் அக்கா. சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நானும் அதத்தான் பாடமா படிச்சிருக்கேனா?"

சிரித்து முடித்து, கண்ணாடிக்காரர் மிதித்துப் போட்ட கீபோர்டில் அக்கா அப்படியே வாசித்தார். பெடலின்மேல் கால் அமைதியாக இருந்தது. கடைசியில் மெதுவாகக் காலை எடுத்தார். ஓசை அறை முழுக்க நீண்டுகொண்டே இருந்தது.

இந்த இடத்தில் ஓடை, தூரத்து மணி, ஈரக்காற்று என்று ஒரு பத்தி எழுதி அடித்திருக்கிறேன். கண்ணாடிக்காரர் சொன்னது "நல்லா இருந்துச்சு" மட்டும். அதுவே இருக்கட்டும்.

6

"ஆண்டு விழாவுல பசங்க பாட்டுக்கு நீங்க வாசிக்கணும்க்கா" என்றார் பாட்டு சார். "இத முன்னாடியே கேக்கணும்னு இருந்தேன். கால மட்டும் மாத்திப் பழகிக்குங்க."

"அங்கயும் இவரக் கூட்டிட்டு வந்து மிதிக்கச் சொன்னா?"

"மேடையில ஒரே கீபோர்டு. உங்களுக்கு முன்னாடி நான் வாசிக்கணும், பின்னாடி வேற யாராவது. எல்லாரும் உங்க கிளட்ச்சுக்கு மாற முடியுமா?"

"பழகுறேன் சார். ஆனா வேன்ல கால் மாறிடுச்சுன்னா நீங்கதான் பொறுப்பு. முன்சீட்ல நீங்கதான் இருக்கீங்க."

போகும்போது பாட்டு சார் பையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இத மாட்டிட்டா அக்காவே உக்காந்த இடத்துலேருந்து போட்டுக்கலாம். சாருக்கு எதுக்கு தினம் யோகாசனம்."

கண்ணாடிக்காரர் சிரித்தார். சிரிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு அக்கா வந்தார். பாக்ஸ் மேஜைமேல் அப்படியே இருந்தது, ஒயர்கூடப் பிரிக்காமல். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஆன் பண்ணுங்க."

பாக்ஸ் இருக்கும்போது ஏன் கூப்பிட்டார்? மாட்டச் சோம்பலா, பழக்கமா, வேறெதுவுமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதிய இரண்டு பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். என்னை எதையும் ஆன் பண்ணச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை என்பதால், அந்தக் குரலுக்கு நான் சொல்லும் அர்த்தத்தை நம்ப வேண்டாம்.

7

ஒரு முடிவு. அவர் மிதித்துப் போடுகிறார். அக்கா அழகாக வாசிக்கிறார், இந்த அறையில் மட்டும், இவர் போட்டால் மட்டும். கால் மாறவே இல்லை என்று பாட்டு சாரிடம் வருத்தத்தோடு சொல்லிவிடுகிறார். டாஷ்போர்டில் தாளம் நின்றுபோகிறது. கண்ணாடிக்காரர் ஜெயித்துவிட்டார், பெடலைத் தவிர யாருக்கும் தெரியாமல்.

இன்னொன்று. காலைத் தள்ளி வைத்துப் போடுகிறார். பல நாள் குழப்பமான ஓசை, எரிச்சல், "இன்னிக்குக் கேக்காதீங்க" என்று ஹெட்போன். பிறகு ஆண்டு விழா. கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். மேடையில் யாரோ ஆன் பண்ணிய கீபோர்டில் அக்கா கண் மூடுகிறார், எல்லோரும் கேட்கிறார்கள். இதில் அவர் என்னைவிட நல்லவராகிவிடுகிறார். அதனால் இது பொய்யென்று எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே உண்மையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது: அவர் பாக்ஸை எடுத்து ஒயரைப் பிரித்து... இல்லை. இதற்கு மனம் வரவில்லை. அவருக்கா, எனக்கா என்று கேட்காதீர்கள்.

கடையில் நானே கேட்டேன். "அப்புறம் என்ன பண்ணீங்க?"

அவர் கண்ணாடியை என் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தார். "இங்க அழுத்துதா?"

"இல்ல."

"அழுத்தினா கொண்டு வாங்க. தளர்த்தித் தரேன்."

இதற்குமேல் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

8

ஆகவே அவரை இப்படி நிறுத்துகிறேன். கால் ஸ்டாண்டுக்கு அடியில் போய்விட்டது. விரல்நுனி சுவிட்சில் பட்டுவிட்டது. தினமும் சுவரையே பார்த்தவர் இன்று குனிந்து தன் குதிகாலைப் பார்க்கிறார். அது பெடலுக்குச் சற்று மேலே நிற்கிறது. அவருக்குப் பின்னால் அக்கா, ஹெட்போன் இல்லாமல், கைகளை மடியில் வைத்துக் காத்திருக்கிறார். அக்கா அந்தக் காலைப் பார்க்கிறாரா என்பதை நான் எழுதவில்லை.

இனி அந்தக் கால் உங்களுடையது. நான் என் கையை எடுத்துக்கொள்கிறேன். எடுத்ததும் கதை நின்றுவிடுமா, நீளுமா என்பது நீங்கள் படிக்கத் தொடங்கிய நேரத்தில் உங்கள் கால் எதன்மேல் இருந்தது என்பதைப் பொறுத்தது.