புகை என்று எழுதலாமா

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஐந்தருவியில் கிடைத்தது. குளிக்கிற வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். பாதி அருவிச் சத்தத்தில் போயிற்று. அந்தப் பாதியை நான்தான் இட்டு நிரப்பியிருக்கிறேன். ஆகவே அவரையும் முழுசாக நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காற்றுக்கு வேலி உண்டா என்று முத்துவடிவு..."

வேண்டாம். அலங்காரம். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

2

1984, சாரல் காலம். தென்காசியில் ஒரு மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் மெஷின் இருந்தது. அதன் வடிதாளில் படிகிற தூசியை வகை பிரித்து அளப்பது முத்துவடிவின் வேலை. குற்றாலத்தில் அதே வேலை மெஹர் பானுவுக்கு. இவள் 'புகை' என்று எழுதியதை அவள் 'கரி' என்று எழுதினாள். இரண்டு ஊர் அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வழியில்லை. பெயர்களை ஒன்றாக்க மெட்ராஸிலிருந்து இந்தத் தூசி அளக்கும் திட்டத்தின் தலைவர் சந்தானகிருஷ்ணன் வந்தார்.

வந்து இறங்கியது, மேலகரத்துச் சுண்ணாம்புச் சூளைக்காரரின் காரில். முத்துவடிவு பார்த்துவிட்டாள். சூளைக்குப் பின்தெருவில்தான் அவள் வீடு. அவளுடைய சின்ன மகள் மழை வெயில் பாராமல் இருமிக்கொண்டிருந்தாள்.

(மகள் உண்டு என்று அருவி வரிசைக்காரர் சொன்னாரா, நானே சேர்த்தேனா? சந்தேகப்படுங்கள்.)

3

குற்றாலத்து லாட்ஜ் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"எல்லாத்தையும் 'நுண்துகள்'னு ஒரே பேர்ல போட்டுடலாமே," என்றார் சந்தானகிருஷ்ணன்.

"அப்போ புகை எங்கன போகும் சார்?" என்றாள் முத்துவடிவு.

"அதுக்குள்ளதாம்மா இருக்கும்."

உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. முத்துவடிவு விடவில்லை. "புகையப் புகைன்னுதான் எழுதுவேன்," என்றாள்.

"புகை வேண்டாம்க்கா," என்றாள் மெஹர் பானு.

இவளுமா?

[இந்த இடத்தில் மெஹர் பானுவைத் துரோகியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.]

"புகைன்னு எழுதினா, 'அது பொம்பளைக அடுப்புப் புகை'ன்னு சூளைக்காரரு கைய விரிச்சிருவாருக்கா."

"அப்போ சூளைப்புகைன்னு எழுதுதேன்."

சந்தானகிருஷ்ணன் தலையை ஆட்டினார். "பேரு என்னதுன்னு சொல்லணும். யாரோடதுன்னு சொல்லக் கூடாது. சொன்னா அது அளவு இல்லம்மா, புகார்."

சரியான பேச்சு. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது.

"சரி சார், என்னதுன்னே எழுதுவோம். கரி தனியா, சுண்ணாம்பு தனியா. ரெண்டு ஊர்லயும் இதே பேரு. ஒரே மூட்டையாக் கட்டக் கூடாது."

வீட்டு அடுப்பில் சுண்ணாம்பு ஏது? கரியின் அளவும் சுண்ணாம்பின் அளவும் ஒன்றாக ஏறினால், எந்த அடுப்பின் தலையில் பழியைப் போட முடியும்?

மறுப்பார் என்று காத்திருந்தாள். "நல்லது, அப்படியே வச்சுக்குவோம்," என்றார் அவர்.

இவ்வளவு சுலபமாகவா?

4

இரண்டும் சேர்ந்தே ஏறின. சூளைப் பக்கமிருந்து காற்றடித்தபோதெல்லாம் ஏறின. மறு வருஷம் அதிகாரிகள் வந்து சூளையை மூடினார்கள். மகளின் இருமல் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

சந்தானகிருஷ்ணன் மறுபடி வந்தார். "எல்லா ஊருக்கும் இந்தப் பேர்களையே வைக்கப் போறோம். நீங்க மெட்ராஸ் வந்து அதைப் பாத்துக்கணும்."

"இங்கன உள்ள மெஷின்?"

"அதுக்கு இங்கே இனிமே என்ன வேலை? எடுத்துடலாம்."

சூளைக்காரர் கடையம் பக்கம் புதுச் சூளைக்கு இடம் பார்க்கிறார் என்று அன்று காலைதான் மெஹர் பானு சொல்லியிருந்தாள்.

"நாளைக்குச் சொல்லுதேன் சார்," என்றாள் முத்துவடிவு.

5

இரண்டு விதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றில் சந்தானகிருஷ்ணன் யோக்கியர். அவள் மெட்ராஸ் போகிறாள், கடையத்துப் பிள்ளைகள் அளப்பாரின்றி இருமுகிறார்கள். இன்னொன்றில் அவர் விலைபோனவர். அவள் இங்கேயே இருக்கிறாள், மெட்ராஸில் வேறு யாரோ உட்கார்ந்து கரியையும் சுண்ணாம்பையும் ஒரே மூட்டையாக...

அந்த நாளையை நான் எழுதப்போவதில்லை. பதிலுக்காக அவர் எதிரே சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதினாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. நீங்கள் அவள் இடத்தில் நின்று, அந்த முகத்தைப் பார்த்து, பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.