ஸ்லோ நிக்கல

“தோடா அவுர், பையா. இன்னும் கொஞ்சம் ஏத்து,” என்றார் லட்சுமணன்.

மெக்கானிக் குல்தீப் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். ஏற்கெனவே இரண்டு தடவை ஸ்லோவை ஏற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் அலசினான், பிளக்கை மாற்றினான், காற்று இழுக்கிற ரப்பரில் வெடிப்பு உண்டா என்று தடவித் தடவிப் பார்த்தான். ஸ்டாண்டு போட்டு உதைத்துவிட்டால் வண்டி பொழுதுக்கும் ஓடுகிறது. சிக்னலில் போய் நின்றால் மட்டும் ஒரு உதறு உதறி அணைந்துவிடுகிறது.

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காயும் கறிவேப்பிலையும் மாவு பாக்கெட்டும் ஏற்றிக்கொண்டு தமிழ் வீடுகளுக்குப் போடுவது லட்சுமணனின் பிழைப்பு. அவர் பெண்டாட்டி ஆராயிக்கு சாணக்யபுரியில் ஒரு வீட்டில் சமையல். கல்யாணமான நாளாக அந்த பைக்கின் பின் சீட்டுதான் அவள் இடம்.

முதல் தடவை வண்டியைக் கொண்டுவந்தபோது நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். வண்டி நிற்கும்போது இஞ்சின் அணைந்துவிட்டால் ‘ஸ்லோ நிக்கல’ என்பது நம் ஊர்ப் பேச்சு. அதை லட்சுமணன் அப்படியே இந்தியில் மாற்றி, “காடி ருக்தி நஹீ” என்றுவிட்டார். வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறதாக்கும் என்று குல்தீப் பிரேக்கை இறுக்கிக் கொடுத்துவிட்டான். அடுத்த நாள் விஷயம் தெரிந்ததும், “அண்ணா, உங்க ஊர் வண்டி நின்னா ஓடுதுன்னு அர்த்தமா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் ஆராயிக்குச் சோறு இறங்கவில்லை. மார்க்கெட் முழுக்க இந்தியில் சண்டை போட்டு ஜெயிக்கிற மனுஷன். பங்குனியில் இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்ததிலிருந்து வார்த்தை இப்படி இடம் மாறி விழுகிறது. வண்டியே ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். ‘கொஞ்ச நாளைக்கு’ என்பதை இவரே முன்னால் சேர்த்துக்கொண்டார். இடது கையில் டீ கொடுத்தால் சிந்துகிறது என்று அவள் அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். அவரும் ஏன் என்று கேட்டதில்லை.

இன்று காலை மந்திர் மார்க் சிக்னலில் வண்டி அணையவில்லை, பாய்ந்தது. ஏற்றி வைத்த ஸ்லோ அல்லவா! ரோட்டைக் கடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பெண்ணின் பையில் முன்சக்கரம் இடித்தது. “அங்கிள்!” என்று அலறிவிட்டு அந்தப் பெண் ஓடிவிட்டாள்.

“ஸ்லோ சரியில்ல, அதான் குதிக்குது,” என்றார் லட்சுமணன்.

“கியர எடுத்துட்டு நிக்கலாமுல்ல?”

“எடுத்துட்டுப் போடறதுக்குள்ள பின்னாடி இருக்கிறவன் ஹார்ன் அடிச்சே கொன்னுருவான். ஒனக்கு என்னா தெரியும்?”

ஆராயிக்குத் தெரிந்திருந்தது. இடது பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தவள் கண்ணுக்கு நேரே அந்த இடது கை. வண்டி பாய்வதற்கு முன்னால் கிளட்சிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தூங்கிப்போன பிள்ளையின் கையிலிருந்து மிட்டாய் நழுவுகிற மாதிரி.

இப்போது கடையில் அவர் மறுபடி, “ஏத்து, பையா,” என்றார்.

“வேணாம்,” என்றாள் கையில் டீ டம்ளரோடு நின்ற ஆராயி. “ஏங்க, வண்டிய ஸ்டாண்டுலயே ஸ்டார்ட் பண்ணி ஏறி உக்காருங்க. சிக்னல்ல நிக்கிற மாதிரி.”

“எதுக்குடி?”

“நான் இந்த டீயக் குடிச்சு முடிக்கிற வரைக்கும். எனக்காவ.”

“பைத்தியம்,” என்றார் குல்தீப்பைப் பார்த்து. ஆனாலும் ஏறி உட்கார்ந்தார். கிளட்சைப் பிடித்து முதல் கியரைத் தட்டினார். இஞ்சின் அணையாமல் கும்மென்று ஓடியது. பின்சக்கரம் தரையைத் தொடாமல் அசையாதிருந்தது. அதன் ஆரக்கம்பியில் ஒரு கறிவேப்பிலைக் கொத்து மாட்டிக்கொண்டிருந்ததை ஆராயி பார்த்தாள்.

லட்சுமணன் சிக்னலில் பார்ப்பது போலவே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா உறிஞ்சிக் குடி. பொழுது விடிஞ்சிரும்,” என்றார்.

டீ பாதியாயிற்று. கிளட்சிலிருந்து சுண்டுவிரல் முதலில் விலகியது. அப்புறம் அடுத்தது. கறிவேப்பிலைக் கொத்து மெல்ல மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. மறுபடி ஏறியது. சக்கரம் வேகம் பிடித்ததும் இலை கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு பச்சை வளையம் மட்டும் சுழன்றது. குல்தீப் திருப்புளியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டான்.

“பாத்தியா ஆராயி? ஆஃப் ஆவல,” என்றார் லட்சுமணன், திரும்பாமல். குரலில் அத்தனை சந்தோஷம். “கெட்டியாத்தான புடிச்சிருக்கேன்?”

டம்ளரில் இன்னும் ஒரு வாய் டீ இருந்தது. அவருக்குப் பின்னால் சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது.