உருவிவிட்ட கால்

"வலிக்கவே இல்லைங்க டாக்டர்" என்று பாண்டீஸ்வரன் மூன்றாவது தடவையாகப் பெருமையடித்தபோது, அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று தங்கலட்சுமிக்கு ஆத்திரம் வந்தது. இடது பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிச் சிவந்து கிடக்கிறது. அதை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டின புருசன் விருந்துக்கு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் பிரவீணா சிரிக்கவில்லை. சூடு பார்க்கும் கருவியை இரண்டு பாதத்துக்கும் காட்டினார். இடது பாதத்தில் சூடு நன்றாகவே கூடியிருந்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டுமாம். பாண்டீஸ்வரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ம், ஆரம்பிங்க டாக்டர்" என்றார். டாக்டர் அதற்குள் தொட்டு முடித்து இழையை மேசையில் வைத்துவிட்டிருந்தார்.

டாக்டர் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "சர்க்கரையால நரம்பு செத்துருச்சு, அதான் வலி தெரியல. ஒடிஞ்ச எலும்போடயே நடந்திருக்காரு. நடுப்பாதத்து மூட்டெல்லாம் இடம் விட்டு விலகிப்போச்சு. யாராச்சும் உருவி விட்டாங்களா?"

"இல்லைங்க" என்றார் பாண்டீஸ்வரன் சட்டென்று.

"நான்தான் டாக்டர்" என்றாள் தங்கலட்சுமி.

பரளச்சியில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் அவள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். ரெட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு இறங்கிவிடும் என்று ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை. அவளுக்கு ரெட்டை பிறந்து இருபத்துநாலு வருசம். டிராக்டரிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டது என்று புருசன் நொண்டி வந்ததும், விளக்கெண்ணெயைச் சூடுகாட்டி இருபது நாள் விடாமல் உருவினாள். சுளுக்கென்று வரும் கோட்டைச்சாமி மாதிரி முரட்டு ஆள்கூட அவள் கட்டைவிரலுக்கு ஐயோ அம்மா என்று அலறுவான். இவரோ, "சொகமா இருக்கு தங்கம்" என்று கண் சொருகிக் கிடந்தார். அவளும் தன் கைராசி என்று நினைத்து, வீக்கம் கூடக்கூட இன்னும் அழுத்தித் தேய்த்தாள். இடையில் வேறொரு டாக்டர் கிருமி என்று சொல்லி ஊசி போட்டார். அதற்கும் வீக்கம் மசியவில்லை.

"மூணு மாசத்துக்கு இந்தக் கால் தரையில படக்கூடாது" என்றார் டாக்டர். "மாவுக்கட்டு போடுறேன். வாராவாரம் வந்து மாத்திக்கணும். நடந்தீங்கன்னா பாதம் இடிஞ்சு, அடியில எலும்பு துருத்திக்கிட்டு வரும். அதுல புண்ணு விழுந்தா காலையே எடுக்க வேண்டி வரலாம்."

கட்டு மாற்றி வந்த இரண்டாம் நாளே மழை கொட்டியது. மழைக்காகவே காய்ந்து கிடந்த கரிசல். பாசிப்பயறு விதை வாங்க டவுனுக்குப் போன தங்கலட்சுமி மத்தியானப் பஸ்ஸில் திரும்பினாள். பாண்டீஸ்வரன் கட்டிலில் காலைத் தலையணைமேல் நீட்டி, பரம சாதுவாகப் படுத்திருந்தார். மாவுக்கட்டின் அடியில் கறுப்பு மண் அப்பியிருந்தது.

"எங்க போனீக?"

"நான் எங்க போனேன்? இங்கனதான் கெடக்கேன்."

"அப்ப நம்ம கரிசக்காடு நடந்து வந்து ஒங்க கால்ல ஒட்டிக்கிருச்சாக்கும்?"

"வரப்பு ஒடச்சுக்கிருச்சு தங்கம். ரெண்டு எட்டுதான் வச்சேன். வலிக்கவே இல்ல."

அவள் வாயில் வந்ததையெல்லாம் எழுத முடியாது. ஆட்டோவைப் பிடித்து அப்போதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மாவுக்கட்டை வெட்டி எடுத்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். உள்ளங்கால் வளைவு இன்னும் இறங்கிவிட்டதாம். இனிப் பழைய பாதம் திரும்பாதாம். புண் விழவில்லை என்பது ஒன்றுதான் மிச்சம். புதுக் கட்டு, மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம்.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததும் தங்கலட்சுமி வெடித்தாள்.

"இருவது நா உருவுனேனே! ஆன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா விட்டுத் தொலைச்சிருப்பேனே! சொகமா இருக்கு, சொகமா இருக்குன்னு சொல்லிச் சொல்லியே என் கையாலயே ஒங்க எலும்ப நொறுக்க வச்சுட்டீகளே, படுபாவி மனுசா!"

பாண்டீஸ்வரன் புதுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ தொட்டதே எனக்குத் தெரியல தங்கம்."

"என்னது?"

"ரெண்டு வருசமாவே தெரியல. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. ஊரே ஒன் கைக்குக் காத்துக் கெடக்கு. அந்தக் கை எனக்கு மட்டும் தெரியலன்னு ஒங்கிட்ட எப்படிச் சொல்ல? அதான் சொகமா இருக்குன்னேன்."

அவர்மேல் கோபப்படுவதா, தன் கையை வெட்டிப் போடுவதா என்று தங்கலட்சுமிக்குப் புரியவில்லை.

"வெதப்ப நான் பாத்துக்கிறேன்" என்றாள் கடைசியில். "நீங்க கால ஊனாம இருங்க. இனிமே யாரு கேட்டாலும் வலிக்கலன்னு சொல்லாதீக. தெரியலன்னு சொல்லுங்க."

"சரி" என்றார் பாண்டீஸ்வரன்.

இந்தச் சரியையாவது நம்பலாமா என்று தெரியாமல், போகிற வருகிற சனம் பார்க்க, தங்கலட்சுமி அழுதாள்.